வார இறுதி ஸ்பானிஷ் வகுப்பில் 'தெரியும்' பாடம்: மதுரைக்காரருக்குத் தேறுமா?

மதுரையில் சனி, ஞாயிறுகளில் நடக்கும் ஒரு தொடக்கநிலை ஸ்பானிஷ் வகுப்பில் 5-வது வாரம் வரும் பாடம் 'தெரியும்'. 90 நிமிடம், நான்கு பக்கத் தாள், 40 கேள்வி அட்டை, ஒரு ஒலிப்பதிவு. வணக்கம் சொல்வதையும் எண்களையும் யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொடுத்துவிடலாம். 'தெரியும்' என்ற ஒரே சொல்லுக்கு ஸ்பானிஷில் இருக்கும் ஸபேர், கொனொஸேர் என்ற இரண்டு வினைகளைப் பிரித்துக் காட்டும் இடத்துக்கு வரும்போதுதான் பாடத்தை எழுதியவர் யாரை மனதில் வைத்து எழுதினார் என்பது தெரியவரும். அதனால்தான் மொத்தப் படிப்பையும் விட்டுவிட்டு இந்த ஒரு பாடத்தை மட்டும் இங்கே அலசியிருக்கிறது. மையத்தின் பெயர் வேண்டாம். ஆங்கில வழிப் பாடநூலை அடியொற்றித் தாள் தயாரிக்கும் எந்த வகுப்புக்கும் இந்தக் குறைநிறைகள் பொருந்தும்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். வாய்ப்பயிற்சி நன்றாக இருக்கிறது. விளக்கம் பாதிதான். அந்த மிச்சப் பாதி படிக்க வருபவர்களின் தாய்மொழியிலேயே கிடக்கிறது. தாள் அதைத் தொடவே இல்லை.

படிக்குமுன் ஒரு குறிப்பு. ஸ்பானிஷ் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறது. அழுத்தம் விழும் அசைக்குப் பெரும்பாலும் நெடில் போட்டிருக்கிறது; சொல் கடைசியில் வரும் நெடில் எல்லாம் அழுத்தம் அல்ல. எழுத்து தமிழானாலும் இடையில் வரும் ப, த, க ஆகியவற்றை 'சபை', 'அது', 'பகை' என்பதில் வருவதுபோல மென்மையாகவே வாசியுங்கள். வன்மையாக வேண்டிய இடத்தில் இரட்டித்திருக்கிறது.

தாளின் முதல் பக்கத்தில் ஒரு கட்டத்துக்குள் விதி: தகவலுக்கு ஸபேர், ஆளுக்கும் ஊருக்கும் கொனொஸேர். தவறில்லை. ஆனால் 'தகவல்' என்ற சொல் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். ஒரு பாட்டு தகவலா, பழக்கமா? மதுரையின் வரலாறு எதில் சேரும்? நீச்சல் தெரிவது தகவலா? கட்டத்தைப் பார்த்துக்கொண்டே அட்டைகளுக்குப் பதில் சொல்பவர் ஏழெட்டு அட்டைக்குள் தடுக்கி விழுவார்.

தமிழ் வழியாக வந்தால் இவ்வளவு சிரமம் இல்லை. 'தெரியும்' என்ற சொல்லுக்கு முன்னால் என்ன வந்து நிற்கிறது என்று பார்த்தாலே முக்கால்வாசி முடிந்தது. "பஸ் வரும்னு தெரியும்", "கடை திறந்திருக்கானு தெரியாது", "எங்க இருக்குன்னு தெரியுமா": இப்படி ஒரு முழு வாக்கியம் 'என்று' போட்டு வந்தால் ஸபேர் மட்டுமே. முதல் வகைக்கு ஸபேர் கே ('கே'தான் 'என்று'), இரண்டாவதற்கு ஸபேர் ஸி ('ஸி'தான் 'ஆ, இல்லையா என்று'), மூன்றாவதற்கு ஸபேரோடு கேள்விச்சொல். கொனொஸேருக்குப் பின்னால் 'கே' வராது என்று தொடக்கநிலையில் கண்ணை மூடிக்கொண்டு வைத்துக்கொள்ளலாம். வரிசை மட்டும் தலைகீழ்: தமிழில் வாக்கியம் முதலில், தெரியும் கடைசியில், ஸ்பானிஷில் 'ஸே கே' முதலில் (ஸே என்பது ஸபேரின் 'நான்' வடிவம்), செய்தி பின்னால். இங்கே தமிழர்களுக்கு ஒரு சாதகமும் இருக்கிறது. ஆங்கிலத்தில் அந்த இணைப்புச் சொல்லை விழுங்கிவிடலாம், அதனால் ஆங்கிலத்தில் யோசிப்பவர் 'கே'யைத் தின்றுவிடுவார். தமிழில் பெரும்பாலும் 'என்று' இல்லாமல் வாக்கியம் நிற்காது; கேள்வியில்லாத செய்திக்குப் பின் 'என்று' வரும் இடமெல்லாம் 'கே' என்று வைத்துக்கொண்டால் அந்தத் தவறு வரவே வராது. தாள் இந்தத் தவறுக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருக்கிறது. நமக்கு அது தேவையே இல்லாத அரைப் பக்கம்.

அடுத்தது திறமை. 'நீந்தத் தெரியும்', 'சமைக்கத் தெரியும்', 'கார் ஓட்டத் தெரியும்'. ஸ்பானிஷில் அப்படியே ஸே நதார், ஸே கொஸினார், ஸே மனெஹார் (ஸ்பெயினில் கார் ஓட்டுவதற்கு கொந்துஸீர் என்பார்கள்). இரண்டு மொழியிலும் அமைப்பு ஒன்றுதான்: வினையின் அடிப்படை வடிவம், கூடவே 'தெரியும்'. ஆனால் தாள் இதை ஆங்கிலத்தின் 'எப்படி' என்ற சொல்லோடு சேர்த்து விளக்குகிறது. விளைவு, வகுப்பில் பாதிப்பேர் 'ஸே கோமோ நதார்' என்கிறார்கள். அந்தக் 'கோமோ' இங்கே வேண்டாத சதை. நேராகத் தமிழிலிருந்து வந்திருந்தால் அது முளைத்தே இருக்காது. 'முடியும்' வேறு, 'தெரியும்' வேறு என்பதும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நீந்தத் தெரியும், ஆனால் காய்ச்சல், இன்று முடியாது: ஸே நதார், பேரோ ஓய் நோ புவேதோ. ஆங்கிலம் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு திண்டாடும் இடம் இது.

ஆளுக்கு வருவோம். தமிழில் ஆளைச் சொல்லும்போது 'ஐ' உருபை விட முடியாது: 'மீனாவைத் தெரியும்'. பொருளுக்கு விட்டுவிடலாம்: 'புத்தகம் படித்தேன்'. ஸ்பானிஷிலும் கிட்டத்தட்ட இதே ஏற்பாடு. ஆளுக்கு முன்னால் 'ஆ' என்ற சொல் கட்டாயம், பொருளுக்கு வேண்டாம். கொனோஸ்கோ ஆ மீனா (கொனோஸ்கோ என்பது கொனொஸேரின் 'நான்' வடிவம்). 'எனக்கு ஒரு டாக்டரைத் தெரியும்' என்பதற்கு கொனோஸ்கோ ஆ உன் மேதிக்கோ. ஊருக்கு 'ஆ' கிடையாது: கொனோஸ்கோ மதுரை. ஆண்பால் பெயருக்கு முன் வரும் 'எல்' என்ற சொல் அங்கே நின்றால் இரண்டும் சேர்ந்து 'ஆல்' ஆகிவிடும்: கொனோஸ்கோ ஆல் ப்ரொஃபெஸோர். ஆங்கிலத்தில் இதற்கு இணையே இல்லாததால் தாள் இதை 'மனப்பாடம் செய்க' என்று ஒரு வரியில் முடித்துவிட்டது. தமிழ் பேசுபவருக்கு மனப்பாடம் எதற்கு? ஆளுக்கு 'ஐ' போடும் பழக்கம் நாக்கிலேயே இருக்கிறது.

ஊர் விஷயத்தில்தான் கொஞ்சம் கவனம். "¿கொனோஸேஸ் மதுரை?" என்று ஒருவர் கேட்டால், மதுரை என்று ஒரு ஊர் இருப்பது தெரியுமா என்று அவர் கேட்கவில்லை, வந்து பார்த்திருக்கிறாயா, சுற்றியிருக்கிறாயா என்று கேட்கிறார். பள்ளிக்கூட வரைபடத்தில் மட்டுமே மாட்ரிட்டைப் பார்த்தவர் "ஸீ, கொனோஸ்கோ மத்ரீத்" என்றால், எப்போது போனீர்கள் என்ற அடுத்த கேள்வி வரும். பெரிய நடிகர், பாடகர் விஷயத்தில் அவ்வளவு கறார் இல்லை. பேச்சில் "¿கொனோஸேஸ் ஆ எஸ்தே கந்த்தாந்த்தே?" என்பது இந்தப் பாடகரைக் கேள்விப்பட்டிருக்கிறாயா என்ற பொருளிலும் வரும். நேரில் பழக்கம் என்று எதிரில் இருப்பவர் நினைத்துவிடக் கூடாது என்றால் 'ஸே கியென் எஸ்', அதாவது யாரென்று தெரியும், என்று சொல்லித் தப்பிக்கலாம். தாளில் இந்த வாக்கியம் இல்லை. 40 அட்டையில் ஒன்றில்கூட இல்லை.

பெயர்ச்சொல் மட்டும் தனியாக வந்தால் ஒரு சோதனை கைகொடுக்கும். 'தெரியும்' இருக்கும் இடத்தில் 'பழக்கம்' அல்லது 'பரிச்சயம்' போட்டுப் பாருங்கள். 'அவர் பழக்கம்', 'அந்தத் தெரு பழக்கம்', 'அந்த ஓட்டல் பரிச்சயம்' எல்லாம் நிற்கும், எனவே கொனொஸேர். 'விலை பழக்கம்', 'போன் நம்பர் பரிச்சயம்' என்று யாரும் பேசுவதில்லை, எனவே ஸபேர். ஸே எல் ப்ரேஸியோ, ஸே தூ நூமெரோ, ஸே லா ரெஸ்புவேஸ்தா. மொழி தெரிவதும் ஸபேர்தான்: ஸே எஸ்பஞோல். மதுரைப் பேச்சில் வைத்தால் இன்னும் பளிச்சென்று இருக்கும். "அண்ணே, கொடைக்கானல் பஸ் ஆரப்பாளையத்துல எத்தனை மணிக்குன்னு தெரியுமாண்ணே?" என்றால் ஸாபே. "மேலமாசி வீதியில தையக்கடை வச்சிருக்காரே, அவரைத் தெரியுமாண்ணே?" என்றால் கொனோஸே. இரண்டிலும் 'அண்ணே' போட்டுக் கேட்பதால் உஸ்தேத் ('நீங்கள்') வடிவம்; நண்பனிடம் 'டேய்' போட்டுக் கேட்டால் தூ ('நீ') வடிவம், ஸாபேஸ், கொனோஸேஸ். நீ, நீங்கள் பேதம் பழகிய வாய்க்கு இதில் தடுமாற்றம் இருக்காது.

இனி தமிழால் வரும் தொல்லை. இதைத் தாள் ஒரு வரிகூடச் சொல்லவில்லை என்பதுதான் பெரிய குறை. முந்தின வாரப் பாடம் 'பிடிக்கும்': மே குஸ்தா. எனக்குப் பிடிக்கும் என்பதற்கு 'மே குஸ்தா' அச்சு அசலாகப் பொருந்துகிறது, 'எனக்கு'தான் 'மே'. தமிழர்கள் இந்தப் பாடத்தில் ஆங்கிலக்காரர்களைத் தாண்டி ஓடிவிடுவார்கள். அடுத்த வாரம் 'எனக்குத் தெரியும்' வருகிறது. வாய் தானாக 'மே ஸாபே' என்கிறது. ஆனால் ஸபேர் என்ற வினைக்குச் சுவை என்ற இன்னொரு பொருளும் உண்டு. 'மே ஸாபே ஆ லிமோன்' என்றால் எனக்கு எலுமிச்சைச் சுவை தட்டுகிறது என்று பொருள். எனவே 'மே ஸாபே' என்று நிறுத்தினால், கேட்பவர் என்ன சாப்பிட்டீர்கள் என்று யோசிப்பார். 'தெரியும்' என்பதில் தெரிந்துகொண்டவர்தான் எழுவாய். 'எனக்கு' போய் 'நான்' வரவேண்டும், அந்த 'நான்' வினையின் விகுதியிலேயே அடங்கிவிடும்: வெறும் 'ஸே'. பழைய தமிழ் நடையில் 'நான் அறிவேன்' என்கிறோமே, அந்த அமைப்பு. பாடத்தின் முதல் பத்து நிமிடத்தில் 'தெரியும்' என்ற சொல்லையே மறந்துவிட்டு 'அறிவேன், அறிவாய், அறிவார்' என்று மனதில் ஓட்டச் சொன்னால் இந்தப் பிழையில் பெரும்பகுதி உதிர்ந்துவிடும்.

குழப்பத்தைக் கூட்ட 'மே ஸே' என்று ஒரு வடிவமும் இருக்கிறது. மே ஸே லா கன்ஸியோன்: பாட்டு எனக்கு மனப்பாடம், அத்துப்படி. ஸ்பெயின்காரர்கள் பேச்சில் அடிக்கடி வரும். இதைக் கேட்டுவிட்டு 'எனக்கு' சரிதானே என்று நினைக்கக் கூடாது. வினை ஸே, அதாவது 'நான்' வடிவம்தான். 'மே' வெறும் அழுத்தத்துக்கு.

சுவை பற்றி இன்னும் ஒரு வரி, ஊர்ப் பெருமைக்காக. எல் ஜிகர்தண்டா ஸாபே ஆ நன்னாரி. பானத்தை எழுவாயாக்கி, 'ஆ' போட்டுச் சுவையைச் சொன்னால் முடிந்தது. நன்றாக இருக்கிறது என்றால் 'ஆ' இல்லாமல் ஸாபே பியென். 'ஆ' வந்தால் எதன் சுவை என்று, வராவிட்டால் எப்படிப்பட்ட சுவை என்று.

'தெரியும்' என்பதற்குக் கண்ணுக்குப் புலப்படும் என்ற பொருளும் தமிழில் உண்டல்லவா? 'இங்கிருந்து கோபுரம் தெரியும்.' இதற்கு ஸபேரும் இல்லை, கொனொஸேரும் இல்லை. 'ஸே பே எல் கோபுரம்', பார்க்கக் கிடைக்கிறது என்பதுபோல. 'எல் கோபுரம் ஸாபே' என்றால் கோபுரத்துக்கு அறிவு வந்துவிட்டது, அல்லது அதை யாரோ நக்கிப் பார்த்துவிட்டார்கள்.

விகுதிக்கு வருவோம். தமிழ்த் 'தெரியும்' ஆளுக்கு ஆள் மாறாது: எனக்கு, உனக்கு, அவங்களுக்கு, எல்லாவற்றுக்கும் அதே ஒரு சொல். ஸ்பானிஷில் ஸே, ஸாபேஸ், ஸாபே, ஸபேமோஸ், ஸாபென். கொனோஸ்கோ, கொனோஸேஸ், கொனோஸே, கொனொஸேமோஸ், கொனோஸென். ஸ்பெயினில் 'நீங்கள் எல்லாரும்' என்று நெருக்கமானவர்களிடம் சொல்ல ஸபேய்ஸ், கொனொஸேய்ஸ் என்று இன்னும் ஒரு வடிவம் உண்டு. வகுப்பு அதை விட்டுவிட்டது, லத்தீன் அமெரிக்க வழக்கைப் பின்பற்றுவதால் விட்டதில் தப்பில்லை. மாறாத ஒரு சொல்லைப் பழகிய வாய்க்கு இந்த மாற்றம்தான் உண்மையான உழைப்பு. எல்லாருக்கும் 'ஸாபே' என்று ஒரே வடிவத்தில் ஒட்டிக்கொள்ளும் போக்கு அதனால்தான். வகுப்பின் வாய்ப்பயிற்சி இங்கே உண்மையாகவே நல்லது. ஆசிரியர் தமிழில் ஒரு பெயரைச் சொல்லி அட்டையை நீட்டுகிறார், இரண்டு வினாடிக்குள் வினை வரவேண்டும், வராவிட்டால் அட்டை அடுத்தவருக்குப் போகிறது. முழு வாக்கியம் தேவையில்லை, வினை மட்டும். 90 நிமிடத்தில் 35 நிமிடம் இதற்கே போகிறது. இதற்காகவே கட்டணம் கொடுக்கலாம்.

கொனோஸ்கோ எங்கிருந்து வந்தது என்றும் தாள் சொல்லவில்லை, விதிவிலக்கு என்று சிவப்பு மையில் போட்டுவிட்டது. அது தனி விலக்கு இல்லை. உயிரெழுத்தை அடுத்து 'ஸேர்' அல்லது 'ஸீர்' என்று முடியும் இந்த இன வினைகளில் 'நான்' வடிவம் 'ஸ்கோ' என்று போகும்: பரெஸேர், பரேஸ்கோ, ஒஃப்ரெஸேர், ஒஃப்ரேஸ்கோ, கொந்துஸீர், கொந்தூஸ்கோ. அஸேர் (செய்) ஆகோ என்று தன் வழியில் போகும், அப்படிச் சிலது உண்டு. கூட்டமாகப் படித்தால் ஒன்றைக் கற்ற உழைப்பில் பத்து வரும். ஸே என்பதை ஸ்பானிஷ் எழுத்தில் எழுதும்போது மேலே சாய்ந்த கோடு கட்டாயம். கோடு இல்லாத 'ஸே' முற்றிலும் வேறு சொல், சற்று முன் கோபுரத்துக்குப் போட்டோமே அது. காதுக்கு இரண்டும் ஒன்றுதான், தாளில்தான் வேறுபாடு.

40 அட்டையைப் பற்றி. 31 அட்டை பிழையில்லாதவை, எளிதிலிருந்து கடினத்துக்கு வரிசையாகப் போகின்றன. மீதியில் சில சர்ச்சைக்குரியவை. "---- லா கன்ஸியோன்" என்ற அட்டைக்கு விடைத்தாள் 'ஸே' மட்டும் சரி என்கிறது. இது அநியாயம். பாட்டைப் பாடத் தெரிந்தால் ஸே, கேட்டிருக்கிறேன், எனக்குப் பரிச்சயம் என்றால் கொனோஸ்கோ. இரண்டும் சரியான ஸ்பானிஷ். "---- லா இஸ்தோரியா தே மதுரை" என்பதிலும் அப்படித்தான். ஊர் வரலாற்றில் ஊறியவர் கொனோஸ்கோ என்பதே இயல்பு, விடைத்தாள் ஸே என்கிறது. வரலாற்றில் நிறைய விஷயம் தெரியும் என்று ஸபேரை வைத்துச் சொல்ல வேண்டுமானால் 'ஸே மூச்சோ தே இஸ்தோரியா', நடுவில் 'தே' வரும். கோடிட்ட இடத்தை நிரப்பும் பயிற்சியில் சூழலைச் சொல்லாமல் ஒற்றை விடை கேட்டால் இப்படித்தான் முடியும். அட்டையின் பின்பக்கம் தமிழில் ஒரு வரி, 'பாடிக் காட்டுவேன்' என்றோ 'ரேடியோவில் கேட்டிருக்கிறேன்' என்றோ எழுதிவிட்டால் அட்டை உருப்பட்டுவிடும். மாணவர்களே பேனாவை எடுத்து எழுதிக்கொள்ளலாம்.

ஒலிப்பதிவு நன்றாக இருக்கிறது, ஆனால் தாளோடு ஒத்துப்போகவில்லை. பேசுபவர் ஸ்பெயின்காரர், ஆசிரியர் வகுப்பில் லத்தீன் அமெரிக்க உச்சரிப்பைச் சொல்லித்தருகிறார். ஆசிரியர் கொனொஸேர் என்கிறார், பதிவு 'ஸே' இருக்கும் இடத்தில் வேறு ஒலி எழுப்புகிறது. ஸ்பெயினின் பெரும்பகுதியில் அப்படித்தான். 'அது' என்று சொல்லும்போது நாக்கு நிற்கும் இடத்திலேயே நாக்கை வைத்து, குரலை எடுத்துவிட்டு, காற்றை மட்டும் விட்டால் அந்த ஒலி வரும். இரண்டும் சரி, ஒன்றைப் பிடித்துக்கொண்டு போனால் போதும். யாரும் இதை விளக்காததால் பதிவில் கேட்பது வேறொரு வினை என்று சிலர் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

உச்சரிப்பில் தமிழ் நாக்குக்கு நல்ல பேறு உண்டு. ஏ, ஓ ஆகியவை இழுபடாமல் நிற்பது, உயிரொலிகளுக்கு நடுவே ப, த, க மென்மையாவது, இதெல்லாம் ஸ்பானிஷிலும் அப்படியே. தொல்லை மூன்று இடத்தில். ஒன்று, மெய்யில் முடியும் சொல்லுக்கு வால் சேர்ப்பது: ஸபேரு, கொனொஸேரு. வாலை நறுக்க வேண்டும். இரண்டு, பேச்சுத் தமிழில் சொல் கடைசி 'ன்'ஐ மூக்கோடு விழுங்கிவிடுகிறோம், 'வந்தான்' என்பதைச் சொல்லிப் பாருங்கள். அதே பழக்கத்தில் 'ஸாபென்' என்பதை விழுங்கினால் அது 'ஸாபே' ஆகி, 'அவர்களுக்குத் தெரியும்' என்பது 'அவருக்குத் தெரியும்' என்று மாறிவிடும். நாக்கு நுனி பல்லுக்குப் பின்னால் போய்த் தொட்டு நிற்க வேண்டும்.

மூன்றாவது கொஞ்சம் ஆபத்தானது. தமிழில் ந்-க்குப் பின் வரும் த் தானாக மெலியும்: 'பந்து' என்பதைச் சொல்லிப் பாருங்கள். ஸ்பானிஷில் எவ்வளவு என்பதும் எப்போது என்பதும் இந்த ஒரு மெலிவால் மட்டுமே பிரிகின்றன. எழுதினால் இரண்டும் தமிழில் குவாந்தோ. நாம் அப்படியே வாசித்தால் 'எப்போது' என்றுதான் விழும். எவ்வளவு என்று கேட்க 'குவாந்த்தோ' என்று த்-ஐ வன்மையாக அடிக்க வேண்டும். "¿ஸாபே குவாந்த்தோ குவேஸ்தா?" விலை எவ்வளவு என்று தெரியுமா, "¿ஸாபே குவாந்தோ ஸாலே?" எப்போது கிளம்பும் என்று தெரியுமா. குறிப்பேட்டில் ஸ்பானிஷைத் தமிழ் எழுத்தில் எழுதிவைப்பவர்கள் இந்த இரண்டுக்கும் வேறு மை போட்டு வைப்பது நல்லது. சொல் முதலில் வரும் ப, த, க விஷயத்திலும் தமிழ் எழுத்து காட்டிக்கொடுக்காது. 'தோந்தே' (எங்கே) என்பதன் முதல் த மெல்லியது, 'தூ' (நீ) என்பதன் த வல்லியது. முதல் நான்கு வாரத்துக்குத் தமிழ் எழுத்து ஊன்றுகோலாக இருக்கட்டும், அதற்குமேல் வேண்டாம்.

சுற்றுலா வழிகாட்டி வேலைக்காக இந்த வகுப்புக்கு வருபவர்களுக்குப் பாடம் போதாது, ஆனால் எளிதில் நிமிர்த்திவிடலாம். மீனாட்சியம்மன் கோயில் வாசலில் நிற்கும் வழிகாட்டிக்கு முதலில் வேண்டிய வாக்கியம் "¿யா கொனோஸே எல் தேம்ப்ப்லோ?", ஏற்கெனவே கோயிலைப் பார்த்திருக்கிறீர்களா. அதற்கு 'ஸீ, லோ கொனோஸ்கோ' என்றோ 'நோ' என்றோ பதில் வரும், அதை வைத்துச் சுற்று எவ்வளவு நேரம் என்று முடிவு செய்யலாம். இரண்டாவது, ஒரு சுவாரசியத்தை நீட்டுவது: "¿ஸபீயா கே லா ஸாலா தே லாஸ் மில் கொலூம்னாஸ் தியேனே 985?", ஆயிரங்கால் மண்டபத்தில் 985 தூண்தான் இருக்கிறது, தெரியுமா? தமிழில் 'தெரியுமா' என்று கேட்கும் இந்த இடத்தில் ஸ்பானிஷில் 'ஸபீயா' என்ற இறந்தகால வடிவமே இயல்பாக விழும். எண்ணைச் சொல்லும்போது தூண் பெண்பால் என்பதால் தொள்ளாயிரம் 'நொபெஸியேந்த்தாஸ்' என்று '-ஆஸ்' ஒலியில் முடிய வேண்டும். திருமலை நாயக்கர் மகாலுக்கும் இதே வார்ப்பு போதும்: ¿ஸபீயா கே எல் பலாஸியோ எஸ் தெல் ஸீக்லோ 17?, அரண்மனை 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, தெரியுமா? இந்த மூன்று வாக்கியத்தை யாராவது சேர்த்துக் கொடுத்திருந்தால் தாளின் மதிப்பு இரட்டிப்பாகியிருக்கும்.

இறந்தகாலத்தை வகுப்பு அடுத்த நிலைக்குத் தள்ளியிருக்கிறது. ஏ1 (ஐரோப்பிய மொழி அளவுகோலின் முதல் படி) நிலையின் எல்லை அது என்பதால் குறை சொல்ல முடியாது. என்றாலும் ஒரு பொறியை முன்கூட்டியே தெரிந்துவைப்பது நல்லது. 'எனக்கு அப்பவே தெரியும்' என்கிறோம். நடந்தது முன்பு, வினை மாறவில்லை. இதை 'யா லோ ஸே' என்று மொழிபெயர்த்தால் இப்போது தெரியும் என்றாகிவிடும். யா லோ ஸபீயா என்பதே சரி. 'நேத்துத்தான் தெரிய வந்துச்சு' என்றால் ஸூப்பே. ஆளைப் பொறுத்தவரை, முதன்முதலாக அறிமுகமானது கொனொஸீ, முன்பிருந்தே பழக்கம் என்றால் கொனொஸீயா. ஒரே வினை காலவடிவம் மாறும்போது 'தெரிந்திருந்தது', 'தெரிய வந்தது' என்று பிரியும். தமிழில் அதற்கு ஒரு துணைவினை போதும், ஸ்பானிஷில் விகுதியே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

வீட்டில் பார்த்துக்கொள்ள வகுப்பு எந்தக் கருவியையும் பரிந்துரைப்பதில்லை. 1713-இல் தொடங்கிய ஸ்பெயின் அரச மொழிக்கழகத்தின் அகராதி இணையத்தில் இலவசம். விளக்கமெல்லாம் ஸ்பானிஷிலேயே இருப்பதால் தொடக்கநிலையில் பொருள் புரியாது. ஆனால் வினையைத் தேடி அதன் வடிவ அட்டவணையைத் திறந்தால் எல்லா விகுதியும் ஒரே பக்கத்தில் கிடைக்கும். ஸபேர், கொனொஸேர் இரண்டையும் அச்செடுத்து, நிகழ்காலம் தவிர மற்றதைத் தாளால் மறைத்து ஒட்டிவைத்துக்கொள்ளலாம். பிரெஞ்சோ ஜெர்மனோ பள்ளியில் படித்தவர்களுக்கு வேலை பாதி முடிந்தது. ஸவ்வார், கொனேத்ர் என்றும் விஸ்ஸென், கென்னென் என்றும் அங்கேயும் இதே பிரிவு உண்டு. சிற்சில இடங்களில் எல்லை நகரும், அவ்வளவுதான்.

சான்றிதழ் நோக்கோடு வருபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த வகுப்பு தரும் சான்றிதழ் வேறு, ஸ்பெயின் அரசின் மொழிப் பண்பாட்டு நிறுவனமான இன்ஸ்தித்தூத்தோ செர்வாந்தெஸ் நடத்தும் டெலே என்ற ஸ்பானிஷ் தகுதித் தேர்வு வேறு. டெலேயில் ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலை. அதில் கேட்பதும் எழுதுவதும் பேசுவதும் தனித்தனியாக மதிப்பிடப்படும். இந்தப் பாடத்தின் அட்டைப்பயிற்சி பேசுவதற்கு உதவும், எழுதுவதற்கு ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. வாரம் ஐந்து வாக்கியம், ஸே கே ஒன்று, ஸே ஸி ஒன்று, ஸே கூட்டிய வினை ஒன்று, கொனோஸ்கோ ஆ ஒன்று, ஊர்ப்பெயரோடு கொனோஸ்கோ ஒன்று என்று எழுதி ஆசிரியரிடம் திருத்தி வாங்குவது அந்தக் குறையை ஓரளவு அடைக்கும்.

பணம் கட்டும் முன் கேட்டுக்கொள்ள வேண்டியவை: விளக்கம் தமிழில் உண்டா, குழுவில் எத்தனை பேர், விடைத்தாளில் ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடையை ஏற்பார்களா. அட்டைப்பயிற்சிக்கு 12 பேருக்கு மேல் போனால் ஒருவருக்கு வாய்ப்பு வர வெகுநேரமாகும். அந்தக் குழுவைத் தவிர்க்கலாம். மாதிரி வகுப்பு ஒன்றில் உட்கார விட்டால், 'மே ஸாபே' என்று வேண்டுமென்றே சொல்லிப் பாருங்கள். ஆசிரியர் 'தவறு, ஸே' என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறாரா, ஏன் அந்த 'மே' வந்தது என்று பிடிக்கிறாரா என்பதை வைத்து முடிவெடுக்கலாம்.